மலரின் மருமம் ஆய்ந்த மாதரசி – டாக்டர் ஜானகி அம்மாள்

பிறந்த ஊரை விட்டு வந்து போலாரத்திலே குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தம்முடன் கொணர்ந்தவை பல. தாய்மொழி ஒன்று, சமையல் முறை ஒன்று, வீட்டைச் சுற்றிச் சிறிது நிலம் கிடைப்பினும் அதில் நான்கு செடி வைத்துப் பார்க்கும் ஆசை மற்றொன்று. வேலியிலே கோவைக்கொடியும் கிணற்றடியிலே பப்பாளியும் வளர்க்காத தமிழ் வீடு அரிது. நாம் கோவைக்காய் என்பதை இவ்வூரார் தொண்டகாய என்பர். பப்பாளியைப் பொப்பாயி என்பர். ஊர்ப்புறத்தே ஓங்கி நிற்கும் பனையைத் தாட்டி செட்டு என்பர். பெயர் மாறினும் செடி மாறுவதில்லை.

இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இவற்றிலே ஆண் வேறு, பெண் வேறு. ஆண்பனை காய்ப்பதில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருவோத்தூரிலே ஆண்பனைகள் திருஞானசம்பந்தர் பாடலால் குலை ஈன்றன என்னும் வரலாற்றை அற்புதம் என்று போற்றுகிறோம் அல்லவா? இயற்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை என்பது தெரிந்தமையாலேயே அஃது அற்புதம் ஆயிற்று.

ஒரு செடியை ஆணாகவும் மற்றொன்றைப் பெண்ணாகவும் ஆக்குவது யாது? பெரும்பாலான செடிகள் ஏன் இரண்டாகவும் ஒருங்கே நிற்கின்றன? இக்கேள்விகளுக்கு விடை தரும் நுண்ணிய பொருள்களைத் தம் வாழ்நாள் முழுவதும் நுண்பெருக்காடியின் கீழ் எண்ணிக்கொண்டிருந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகின்றோம். அவர்தாம் டாக்டர் எடவலேத் கக்காட் ஜானகி அம்மாள். மலையாளத்திலே பிறந்து, சென்னையிலே கற்றுக் கற்பித்து, கோயமுத்தூரிலே ஆராய்ந்து, கடல் கடந்து பெயர் பெற்று, முடிவில் சென்னையை அடுத்த மதுரவாயலிலே உயிர் நீத்தவர். ஊர் விட்டு ஊர் சென்று வாழ்ந்த அவர் வரலாறு நம்மைப் போன்றோர்க்கு அயலானது அன்று.

தலைச்சேரியும் சென்னையும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் தலைச்சேரியிலே பிறந்தார். அந்நாளில் அவ்வூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் திவான் பகதூர் கிருஷ்ணன் நீதித்துறையில் உயர் பதவி வகித்தவர். இயற்கையிலே ஈடுபாடு மிக்கவர். பறவைகளைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்தவர். பிள்ளைகள் நிறைந்த பெருங்குடும்பம் அது. தந்தையாரின் தோட்டத்திலே ஜானகி செடிகளோடு பழகி வளர்ந்தார்.

தீயர் என்னும் வகுப்பிலே பிறந்தவர் அவர். அக்காலத்துச் சமூகம் அவ்வகுப்பாரைத் தாழ்த்தி வைத்திருந்தது. பெண்ணாகப் பிறந்தது மற்றொரு தடை. எனினும் குடும்பத்தார் கல்வியின் அருமை அறிந்தவராதலின், தலைச்சேரியிலே பள்ளிக் கல்வி முடித்த பின் சென்னைக்கு அனுப்பினர். இராணி மேரி கல்லூரியிலே பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியிலே தாவரவியலில் 1921ஆம் ஆண்டு ஆனர்ஸ் பட்டமும் பெற்றார். பின்னர்ச் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலே ஆசிரியப் பணி ஏற்றார்.

உடன் பிறந்த சகோதரிகள் மணம் முடித்துச் சென்றனர். ஜானகிக்கும் திருமணப் பேச்சு எழுந்தது. அவ்வேளையிலேதான் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உபகாரச் சம்பளம் அவரை வந்தடைந்தது. ஆசிய நாட்டுப் பெண்களின் உயர்கல்விக்கென 1917ஆம் ஆண்டு ஏற்பட்ட நிதி அது. ஜானகி கல்வியைத் தேர்ந்தெடுத்தார். பிற்காலத்திலும் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மிச்சிகனிலே முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சென்னையிலே சிறிது காலம் கற்பித்து, மீண்டும் அமெரிக்கா சென்று, 1931ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். கத்தரி, தக்காளி இனத்தைச் சேர்ந்த நிக்காந்திரா என்னும் செடியின் குரோமோசோம்களே அவர் ஆய்ந்த பொருள். தாவரவியலில் அமெரிக்க நாட்டிலே டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று அவரைக் கூறுவர்.

ஆணும் பெண்ணும் அமையும் வகை

குரோமோசோம் என்றால் என்ன என்பதை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். உயிர்களின் உடல் எண்ணற்ற நுண்ணறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் நூலிழை போன்ற பொருள்கள் சில உண்டு. தாய் தந்தையரின் இயல்புகளை மக்களுக்குக் கொண்டு சேர்ப்பவை இவையே. ஒவ்வோர் இனத்துக்கும் இவற்றின் எண்ணிக்கை வரையறைப்பட்டது. இவை இரட்டை இரட்டையாக நிற்கும். ஒன்று தாய் வழி வந்தது, மற்றது தந்தை வழி வந்தது. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது எண்ணிக்கை பாதியாகும். இரண்டும் கூடும்போது மீண்டும் முழுமை பெறும்.

தாவரங்களிலும் ஆண்மை பெண்மை உண்டு என்பதை மேனாட்டிலே சோதனை செய்து 1694ஆம் ஆண்டு வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த காமராரியஸ் என்னும் மருத்துவர். செம்பருத்தி, தாமரை போன்றவற்றில் ஒரே மலரிலே மகரந்தமும் சூலும் அமைகின்றன. பூசணி, தென்னை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஒரே செடியிலே ஆண்பூ தனியாகவும் பெண்பூ தனியாகவும் தோன்றுகின்றன. பனையும் கோவையும் போல ஆண் வேறு பெண் வேறாக நிற்பவை பூக்கும் தாவர இனங்களுள் நூற்றுக்கு ஐந்தாறே ஆகும்.

இவ்வேறுபாட்டின் காரணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே துலங்கலாயிற்று. 1905ஆம் ஆண்டு நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, மாவில் வாழும் ஒருவகை வண்டினத்தில் ஆணுக்கு மட்டும் ஒரு குரோமோசோம் சிறுத்திருக்கக் கண்டார். அதுவே ஆண்மையைத் தீர்மானிக்கிறது என்று உணர்ந்தார். 1907ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் காரன்ஸ், நம் கோவைக்கு உறவான பிரயோனியா என்னும் கொடியிலே கலப்புச் சோதனைகள் செய்தார். ஆண்கொடியின் மகரந்தத்திலே பாதி ஆணையும் பாதி பெண்ணையும் தரும் என்று நிறுவினார். 1923ஆம் ஆண்டு இங்கிலாந்திலே காத்லீன் பிளாக்பர்ன் என்னும் மற்றொரு பெண்மணி, வயல்வெளியிலே பூக்கும் ஒரு வெண்மலர்ச் செடியில் அத்தகைய குரோமோசோம்களைக் கண்ணாரக் கண்டு காட்டினார்.

நம் கோவைக்கொடியின் கணக்கை 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய ஆராய்ச்சியாளர்களே கண்டு வெளியிட்டனர். கோவைக்குக் குரோமோசோம் 24. அவற்றுள் 22 ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எஞ்சிய இரண்டும் பெண்கொடியிலே எக்ஸ், எக்ஸ் என ஒத்திருக்கும். ஆண்கொடியிலே எக்ஸ், ஒய் என வேறுபடும். அந்த ஒய் மற்றெல்லாவற்றினும் பெரியது. விதையிட்டால் முளைப்பது ஆணா பெண்ணா என்று முன்கூட்டி அறிய இயலாது. ஆகவேதான் காய்க்கும் கொடியின் தண்டை வெட்டி நட்டு வளர்க்கிறோம்.

பப்பாளியின் நிலை இன்னும் நுட்பமானது. பெண், ஆண், இருபால் என மூவகை மரம் அதில் உண்டு. இதன் காரணத்தை 1938ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலே ஹோப்மேயரும் ஹவாய்த் தீவிலே ஸ்டோரியும் தனித்தனியே விளக்கினர். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு எக்ஸும் ஒய்யும். இருபால் மரத்துக்கு எக்ஸும் சற்றே மாறுபட்ட வேறொரு ஒய்யும் அமைகின்றன. ஒய் இரண்டு சேர்ந்த கரு பிழைப்பதில்லை. குழிக்கு மூன்று நான்கு கன்று நட்டுப் பூத்தபின் ஆணைக் களையும் வழக்கம் இதனால் வந்ததே. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3, கோ 7 ஆகிய ரகங்களில் ஆண்மரமே தோன்றாது. பெண்ணும் இருபாலுமே தோன்றும்.

விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் இவ்விஷயத்தில் உள்ள பெரிய வேறுபாட்டை 1925ஆம் ஆண்டு முல்லர் என்னும் அறிஞர் சுட்டினார். விலங்குகளில் ஆண் பெண் என்பது எக்ஸ், ஒய் கணக்கிலே கட்டுண்டு கிடக்கிறது. குரோமோசோம் தொகுதி முழுதும் இருமடங்கானால் அக்கணக்கு குலைந்து இனவிருத்தி கெடும். பெரும்பாலான தாவரங்களோ இருபாலும் ஒருங்கே கொண்டவை. அக்கட்டு அவற்றுக்கு இல்லை. ஆகவே அவை இருமடங்கு, நான்மடங்கு எனப் பெருகியும் வாழ வல்லவை. நாம் உண்ணும் கோதுமையும், உடுக்கும் பருத்தியும், கரும்பும், வாழையும் இவ்வாறு பெருகிய குரோமோசோம்களின் விளைவே. இப்பெருக்கத்தின் கணக்கை எழுதுவதே ஜானகி அம்மாளின் வாழ்க்கைப் பணி ஆயிற்று.

கரும்பின் தாயும் தந்தையும்

அமெரிக்காவினின்று திரும்பிய அம்மையார் திருவனந்தபுரம் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியிலே பேராசிரியராக அமர்ந்தார். 1934ஆம் ஆண்டு கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலே பாரம்பரியவியல் அறிஞராகச் சேர்ந்தார். 1912ஆம் ஆண்டு தோன்றிய அந்நிலையம் பார்பர் என்னும் ஆங்கிலேயராலும், தமிழரான சர் டி. எஸ். வெங்கட்ராமனாலும் உலகப் புகழ் பெற்றிருந்தது. வட இந்தியாவிலே கரும்பு பூப்பது அரிது; கோயமுத்தூரிலே நன்கு பூத்து விதை கட்டும். ஆதலின் கலப்பினம் உண்டாக்க அவ்வூர் தகுதியான இடமாயிற்று.

கரும்பின் பூ இருபாலும் உடையது. ஆயினும் பல ரகங்களில் மகரந்தம் வலுவற்றிருக்கும். அத்தகையவற்றைத் தாயாகக் கொண்டு, நல்ல மகரந்தம் உடையவற்றைத் தந்தையாகக் கொள்வர். வெள்ளை என்னும் இனிய கரும்பைத் தாயாகவும், ஆற்றங்கரையிலே தானே வளரும் பேய்க்கரும்பைத் தந்தையாகவும் கொண்டு பிறந்ததே கோ 205. 1918இல் வெளிவந்த இக்கரும்பு வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கி வளர்ந்தது.

இக்கலப்பிலே ஒரு விந்தை உண்டு. வெள்ளைக் கரும்பினத்துக்குக் குரோமோசோம் 80. கோயமுத்தூர்ப் பேய்க்கரும்புக்கு 64. இருவரும் பாதி பாதி தந்தால் பிள்ளைக்கு 72 இருத்தல் வேண்டும். ஆனால் இருப்பது 112! தந்தை தன் பங்காகப் பாதியாகிய 32ஐத் தருகிறது. தாயோ பாதியாக்காமல் தன் 80ஐயும் முழுமையாகத் தந்துவிடுகிறது. ஜாவாத் தீவிலே பிரெமர் என்னும் டச்சு அறிஞர் இவ்வுண்மையை முதலில் கண்டார். இத்தகைய கணக்கு தெரியாமல் கலப்பினம் செய்பவர் இருட்டிலே கை நீட்டுபவர் ஆவர். கோயமுத்தூரிலே அக்கணக்கை எடுக்கும் பணியே ஜானகி அம்மாளுக்கு வாய்த்தது.

பல்வேறு இடங்களினின்று திரட்டிய பேய்க்கரும்புகளின் குரோமோசோம்களை அவர் எண்ணினார். அவ்வினம் இந்தியாவிலேயே தோன்றியது என்னும் முடிவுக்கு அவருடைய ஆய்வு துணை நின்றது. கரும்பைச் சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து பார்த்தார். மக்காச்சோளத்தை நோக்குங்கள்: உச்சியிலே ஆண்கதிர், இடையிலே பட்டு நூல் தொங்கும் பெண்கதிர். அந்த ஆண்கதிரின் மகரந்தத்தைக் கரும்புப் பூவிலே சேர்த்துக் கலப்பினம் ஒன்று பெற்று 1938ஆம் ஆண்டு அறிவித்தார். இரு வேறு பேரினங்கள் கூடிப் பிறந்த அச்செடி விஞ்ஞானிகளை வியப்பில் ஆழ்த்தியது.

புகழ் வந்தது, 1934இல் சர் சி. வி. இராமன் தோற்றுவித்த இந்திய விஞ்ஞானக் கழகம் மறு ஆண்டே அவரை உறுப்பினராக ஏற்றது. ஆனால் பணியிடத்திலே மனநிறைவு வரவில்லை. தனித்து வாழும் பெண், அதிலும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட வகுப்பினர், தமக்குச் சமமாக ஆராய்ச்சி செய்வதை உடன் பணியாற்றிய ஆடவர் பலர் மனமுவந்து ஏற்கவில்லை. செடிகளின் ஆண் பெண் வேறுபாட்டை நுண்ணிதின் ஆய்ந்த இடத்திலேயே மனிதரின் ஆண் பெண் வேறுபாடு அவர் வழியை மறித்து நின்றது. அம்மையார் பூசலிட்டுக் காலம் கழிக்கவில்லை. வேறு வழி தேடினார்.

குண்டு மழையினிடையே

1939ஆம் ஆண்டு எடின்பரோ நகரிலே நடைபெற்ற ஏழாவது உலகப் பாரம்பரியவியல் மாநாட்டுக்குச் சென்றார். மாநாடு நடந்துகொண்டிருக்கையிலேயே உலகப் போர் மூளும் நிலை வந்தது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்திலே சேர்ந்தார். அங்கே தலைவராக இருந்தவர் குரோமோசோம் ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற டார்லிங்டன்.

இரவிலே விமானங்கள் குண்டு பொழியும். அம்மையார் கட்டிலின் அடியிலே பதுங்குவார். விடிந்ததும் ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்று, சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பணியைத் தொடர்வார். நம் நாட்டு அணிற்பிள்ளை ஒன்றையும் அவர் உடன் வைத்து வளர்த்து வந்தார் என்பதும், அது நிலையத்தார் அனைவருக்கும் செல்லமாயிற்று என்பதும் படிப்போர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாம்.

அவ்வாறு உழைத்ததன் பயன் 1945ஆம் ஆண்டு வெளிவந்தது. மனிதர் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து, அவை எங்கே தோன்றி எவ்வாறு பரவின என்பதையும் ஆராயும் பெருநூல் அது. அட்டையிலே டார்லிங்டன் பெயரோடு ஜானகி அம்மாளின் பெயரும் இணைந்து நின்றது. அரிசி முதல் ரோஜா வரை எப்பயிரின் கணக்கு வேண்டினும் உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர் அந்நூலைப் புரட்டலாயினர்.

அதே ஆண்டு விஸ்லி என்னும் ஊரிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் பூங்காவிலே குரோமோசோம் ஆய்வாளராக அமர்த்தப் பெற்றார். அங்கே அவர் கொல்ச்சிசின் என்னும் மருந்தைப் பயன்படுத்தினார். நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் உள்ள நச்சுப்பொருள் அதுவே. நுண்ணறை இரண்டாகப் பிரியும்போது இம்மருந்து பட்டால், குரோமோசோம்கள் இரட்டித்த பின்னும் பிரியமாட்டாமல் ஒரே அறையில் தங்கிவிடும். இவ்வாறு எண்ணிக்கை இருமடங்காகும். கலப்பினச் செடிகள் பல மலடாவது, வேறுபட்ட குரோமோசோம்கள் தமக்குள் இணை சேர மாட்டாமையால். எண்ணிக்கை இருமடங்கானால் ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்து மகரந்தமும் சூலும் மீண்டும் வளம் பெறுதல் உண்டு. மக்னோலியா மரக்கன்றுகளுக்கு அம்மையார் இம்மருந்தை இட்டார். அவை தடித்த இதழுடைய வெண்மலர்களைப் பூத்தன. அவற்றுள் ஒருவகை இன்றும் ஜானகி அம்மாள் என்னும் பெயராலேயே வழங்குகிறது.

1948ஆம் ஆண்டு கருமல்பெரி மரத்தின் தோற்றத்தைப் பற்றி எழுதினார். பட்டுப்புழுவுக்கு இலை தரும் வெள்ளை மல்பெரிக்குக் குரோமோசோம் 28. கருமல்பெரிக்கோ 308! அஃதாவது அடிப்படை எண்ணாகிய 14இன் இருபத்திரண்டு மடங்கு. பூக்கும் தாவரங்களிலே மிகப் பெரிய எண்களுள் ஒன்று இது. மல்பெரி ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூப்பது. சில மரங்கள் முழுதும் ஆணாகவோ பெண்ணாகவோ நிற்பதும் உண்டு. அத்தகைய இனத்திலும் இத்துணைப் பெருக்கம் நேர்ந்திருப்பதால், முல்லர் சொன்ன விதிக்கும் விலக்கு உண்டென்பது விளங்கும்.

தாயகத்தின் அழைப்பு

1951ஆம் ஆண்டு பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று அம்மையார் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. 1890ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சியில் ஏற்பட்ட அத்துறை தளர்ந்து கிடந்தது. அம்மையார் நாடெங்கும் சுற்றித் திட்டம் தீட்டினார். 1954ஆம் ஆண்டு துறை புத்துருவம் பெற்றது. எனினும் அதன் தலைமை வேறொருவரிடம் சென்றது. நம் நாட்டுச் செடிகளை நம்மவரே புதிய முறையில் ஆராய்தல் வேண்டும் என்று விரும்பிய அவருக்கு அது வருத்தம் தந்தது. ஆயினும் அலகாபாத்திலே மத்தியத் தாவரவியல் ஆராய்ச்சிச் சாலையை நடத்தும் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றினார்.

அக்காலத்திலே காடுகள் அழிந்து வருதலை நேரிற் கண்டார். அஸ்ஸாமிலே அருகிப்போன ஒருவகை மக்னோலியா மரத்தைக் காண வேண்டி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். அப்பகுதியிலே எஞ்சியிருந்த ஒரே மரம் அது. சென்று பார்த்தபோது மரம் எரிந்து போயிருந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்குதற்காகக் காடுகளைத் திருத்திய காலம் அது. நோக்கம் நல்லதாயினும் இழப்பு பெரிது. ஓரினத்தின் கடைசி மரம் அழிந்துபடின் எத்தனை கொல்ச்சிசின் இட்டும் மீண்டும் ஆக்க இயலாது.

1955ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பிரின்ஸ்டன் நகரிலே, மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றி வருகிறான் என்பதைப் பற்றி அறிஞர் பலர் கூடி ஆராய்ந்தனர். அழைக்கப்பட்டவருள் பெண் அவர் ஒருவரே. இந்தியாவிலே தம் தேவைக்கு மட்டும் விளைவித்து வாழும் மக்களின் பொருளாதாரத்தைப் பற்றி அவர் பேசினார். மலைவாழ் மக்கள் செடிகளைப் பற்றி அறிந்திருப்பவையும் அறிவியலே என்பது அவர் கொள்கை. 1956ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று.

மதுரவாயலில்

அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஜம்முவிலே மூலிகை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். சிறிது காலம் டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றினார். 1970ஆம் ஆண்டு நவம்பரிலே சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தைச் சார்ந்த மதுரவாயல் ஆராய்ச்சிக் களத்திலே குடியேறினார். அப்போது அவருக்கு வயது 73. மூலிகைத் தோட்டமும், நுண்பெருக்காடியும், பல பூனைகளுமே அவர் குடும்பம். 1977ஆம் ஆண்டு அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது.

பாலக்காட்டுப் பகுதியில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கிலே குந்தி ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கக் கேரள அரசு திட்டமிட்டது. அணை எழுந்தால் பழமையான மழைக்காடு நீரிலே மூழ்கும். எண்பது வயதைக் கடந்த அம்மையார் எதிர்த்தோர் அணியிலே நின்றார். மேடை முழக்கம் அவர் இயல்பு அன்று. அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க முற்பட்டார். எதை இழக்கப் போகிறோம் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே அவர் வழி. பலர் எழுப்பிய எதிர்ப்பின் பயனாய்த் திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு நவம்பரிலே அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. அதைக் காண அவர் இருக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மதுரவாயலிலே, பணியில் இருக்கும்போதே, தம் 86ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச் சென்றது

அவர் மறைந்தபின் செடிகளின் ஆண் பெண் மருமம் மேலும் துலங்கியுள்ளது. 2004ஆம் ஆண்டு பப்பாளியை ஆய்ந்தோர், அதன் ஒய் குரோமோசோம் இன்னும் இளமையானது, மெல்ல மெல்ல உருவாகி வருவது என்று கண்டனர். மக்காச்சோளத்திலே ஒரு சில ஜீன்கள் பழுதுபட்டால் ஆண்கதிரிலேயே மணி பிடிக்கிறது. சுரை, பூசணிக் கொடிகளுக்கு இளமையிலே எத்ரல் மருந்து தெளித்தால் பெண்பூக்கள் மிகுகின்றன. ஆண் பெண் என்பது செடிகளிலே கல்லில் வடித்த எழுத்தன்று. சிற்சில ஜீன்களாலும் சூழ்நிலையாலும் இங்குமங்கும் சாயக்கூடிய தராசு அது.

இவ்வறிவு நமக்கு எட்டாத தொலைவிலும் இல்லை. நம் ஹைதராபாத்தை அடுத்த பட்டான்சேருவிலே 1972ஆம் ஆண்டு தோன்றிய இக்ரிசாட் நிலையத்தார், மகரந்தம் உண்டாகாத துவரைச் செடியைத் தாயாகக் கொண்டு கலப்பினத் துவரை உண்டாக்கியுள்ளனர். நாம் நாள்தோறும் சாம்பாருக்கு வேகவைக்கும் துவரைக்குப் பின்னாலும் இந்த ஆண் பெண் கணக்கு இருக்கிறது. போலாரத்திலேயே குடியரசுத் தலைவர் மாளிகையாகிய ராஷ்டிரபதி நிலையத்திலே மூலிகைத் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோர், எப்பூவில் மகரந்தம் உண்டு, எதில் இல்லை என்று உற்று நோக்கக் கற்பித்தால் அதுவே நல்ல தொடக்கமாகும்.

நம் வீடுகளிலே பெண்மக்கள் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும்போது, எவ்வளவு தூரம் படிக்க வைப்பது என்று தயங்கும் பெற்றோர் இன்றும் உளர். தொலைவு, செலவு, திருமண வயது, உறவினர் பேச்சு எனத் தயக்கத்துக்குக் காரணங்கள் பல. இக்காரணங்கள் யாவும் 1924ஆம் ஆண்டைச் சூழ்ந்த நாட்களிலே தலைச்சேரியிலும் இருந்தன. அக்குடும்பம் அவற்றை மீறித் தன் பெண்ணைக் கப்பலேற்றி அனுப்பியது. அதனால் கரும்பின் கணக்கு தெரிந்தது. உலகத்துப் பயிர்களின் கணக்கு நூலாயிற்று. வேலியிலே படரும் கோவைக்கொடிக்கு ஆண் பெண் என்னும் வேறுபாட்டை ஒரு குரோமோசோம் தீர்மானிக்கலாம். நம் பெண்மக்கள் எதுவரை படிப்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு பெற்றோராகிய நம்மிடம் இருக்கிறது. ஜானகி அம்மையாரின் வரலாற்றைப் படித்த குடும்பங்களேனும் அப்பொறுப்பைச் செவ்வனே நிறைவேற்றும் என நம்புகிறோம்.